ஏகாம்பரம் செத்துப்போன மத்தியானம்

கூச்ச சுபாவம் உள்ளவனால் யாருக்கும் கெடுதல் வராது என்று ஊரில் நம்புகிறார்கள். பெண் பார்க்கும்போது அதை ஒரு தகுதியாகவே சொல்வார்கள். "பையன் வாயத் தொறக்க மாட்டான், தங்கமான பையன்." நானும் அப்படிப்பட்ட தங்கம்தான். வாயைத் திறக்க வேண்டிய நேரத்தில் திறக்காமல் இருந்து, ஒரு நெசவாளர் தெருவையே ஒரு மத்தியானம் முழுக்க அழ வைத்திருக்கிறேன். அழுகை அன்று சாயங்காலமே நின்றுவிட்டது. மற்றது நிற்கவில்லை.

என் படிப்பு ஐந்தாம் வகுப்போடு முடிந்தது. பிறகு தறியில் உட்கார வைத்தார்கள். அங்கேயும் நான் தேறவில்லை. (என் அப்பா சொன்னது: "இவன் நெஞ்ச சேலைய எவளும் கட்ட வேணாம், கொடியில காயப் போட்டாலே கோணலாத் தெரியும்.") கடைசியில் காஞ்சிபுரம் பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு டி.டி.பி. கடையில் வேலை கிடைத்தது. கல்யாணப் பத்திரிகை, காதுகுத்துப் பத்திரிகை, கண்ணீர் அஞ்சலி, எல்லாம் ஒரே கம்ப்யூட்டரில் அடிப்போம். இரண்டாயிரம் பிறந்து ஓரிரண்டு வருஷம் ஆகியிருக்கும். எனக்கு முப்பதை நெருங்கிக்கொண்டிருந்தது.

அந்தக் கடைக்குக் கல்லூரி வேலையாக வந்துபோன சின்ன காஞ்சிபுரத்துப் பையன் ராகவன்தான் எனக்கு அந்த ஆட்டத்தைக் காட்டினான். இரண்டு பிளாப்பியில் கொண்டு வந்தான். ரோக்லைக் என்று பெயர் சொன்னான். பார்க்காதவர்களுக்குச் சொல்கிறேன். அதில் படம் கிடையாது, பாட்டு கிடையாது. திரை முழுக்க எழுத்துகள்தான். @ என்ற சுழி இருக்கிறதே, அதுதான் நீங்கள். கோடுகள் சுவர்கள், புள்ளிகள் தரை. உங்களைச் சாப்பிட வருகிற ஜந்துகளும் எழுத்துகள்தான். பாதாளத்தில் ஒவ்வொரு நிலவறையாகக் கீழே இறங்கிப் போக வேண்டும். நேற்றைக்கு இருந்த வழி இன்றைக்கு இருக்காது, ஒவ்வொரு தடவையும் பாதாளம் புதிதாக உண்டாகும். எல்லாவற்றையும் விட முக்கியம், செத்தால் செத்ததுதான். மூன்று உயிர், நான்கு உயிர் என்ற சலுகையெல்லாம் இல்லை.

எனக்கு அது ரொம்பப் பிடித்துப் போயிற்று. யாரோடும் பேச வேண்டியதில்லை, பார்க்கிற எல்லாரிடமிருந்தும் ஓடி ஒளிந்துகொள்ளலாம். அதுவரை நான் வாழ்ந்த வாழ்க்கையும் அதுதான், சுழி மட்டும்தான் புதிது.

விளையாடினவன் சும்மா இருந்திருக்கலாம். நானே ஒன்று செய்து பார்க்க ஆசைப்பட்டேன். ராகவன் நாலைந்து அடிப்படை விஷயங்களைக் காட்டிவிட்டு, மீதியைப் புத்தகம் பார்த்துச் செய்யச் சொன்னான். இங்கிலீஷ் புத்தகம். அர்த்தம் தெரியாத சொல்லை அப்படியே எழுத்துக்கூட்டி அடித்துப் பார்ப்பேன், ஏதாவது நடந்தால் அதுதான் அதன் அர்த்தம். முதலில் நான் உண்டாக்கின பாதாளத்தில் கதவு கிடையாது. @ ஒரு அறையில் பிறந்து அங்கேயே நின்றுகொண்டிருந்தது. அடுத்ததில் எலிகள் சுவரைத் துளைத்துக்கொண்டு வந்தன. அதற்கும் அடுத்ததில் @ சுவருக்குள்ளேயே பிறந்தது, பிறந்த உடனே செத்தது. பல மாதம் கழித்து எல்லாம் ஒரு ஒழுங்குக்கு வந்தன. எழுத்துகளைத் தமிழிலேயே போட்டேன். எலிக்கு எ, தேளுக்குத் தே, பாம்புக்குப் பா. பாம்புக்கு மட்டும் பலம் கொஞ்சம் அதிகம் கொடுத்துவிட்டேன். தறிக்குழியில் காலைத் தொங்கவிட்டு உட்கார்ந்து வேலை செய்கிறவர்களுக்கு அந்த பயம் எப்போதும் இருக்கும். எங்கள் பக்கத்தில் குழிக்குள் பாம்பு கடித்துப் போனவர்கள் உண்டு.

செத்தபிறகு திரையில் என்ன வர வேண்டும் என்று யோசித்தேன். இங்கிலீஷ் ஆட்டத்தில் ஒரு கல்லறை வரும். நமக்கு அது சரிப்படவில்லை. கடையில் கண்ணீர் அஞ்சலிக்கென்று வைத்திருந்த கறுப்புக் கட்டம், இரண்டு பக்கமும் குத்துவிளக்கு, அதையே எடுத்துப் போட்டேன். செத்தவர் பெயரையும் கொன்ற ஜந்துவையும் நிரல் தானாகவே நிரப்பிக்கொள்ளும். ஒரு சந்தோஷத்துக்கு, அது தானாகவே பிரிண்ட் ஆகும்படியும் செய்து வைத்தேன். கடைக்கு வருகிற சிநேகிதர்கள் விளையாடிச் செத்து, தங்கள் கண்ணீர் அஞ்சலியை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு சிரித்துக்கொண்டே வீட்டுக்குப் போவார்கள். மனிதனுக்கு வேறென்ன வேண்டும் என்று அப்போது தோன்றியது.

இந்த நிலையில் எனக்குக் கல்யாணம் நிச்சயமானது. பெண் மல்லிகா. அவள் அப்பா ஏகாம்பரம், சொந்தத் தறி வைத்துப் பட்டு நெய்கிறவர், தெருவில் மரியாதையான மனிதர். ஒரு நாள் காலை அவர் கடைக்கு வந்தார். பத்திரிகையைப் பார்க்க வந்தார் என்று நினைத்தேன். முதலாளி காகிதம் வாங்கச் சென்னைக்குப் போயிருந்தார், கடையில் நான் மட்டும்தான்.

"வாங்க மாமா" என்று சொன்னேன். அதோடு எனக்குப் பேச்சுத் தீர்ந்துவிட்டது.

அவர் நாற்காலியில் உட்கார்ந்து, தெருவை ஒரு தடவை எட்டிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"மாப்ள, பத்திரிகையில என் தம்பி பேரையும் போட்டுடுங்க. சுந்தரம்னு. என் பேருக்கு அடுத்தாப்ல."

எனக்கு விஷயம் தெரியும். அண்ணனும் தம்பியும் வீட்டைப் பாகம் பிரித்தபோது சண்டை போட்டுக்கொண்டவர்கள். கூடத்துக்கு நடுவில் சுவர் எழுப்பிவிட்டார்கள். ஒரே கூரைக்குக் கீழே, ஒருவர் இருமினால் மற்றவருக்குக் கேட்கும் தூரத்தில், வருஷக்கணக்காகப் பேச்சுவார்த்தை இல்லை. சுந்தரத்தின் பெயர் பத்திரிகையில் வருவதென்றால் அந்தச் சுவரில் ஒரு கதவு திறக்கிற மாதிரி.

நான் பெயரை அடித்தேன். அவர் திரையில் அதையே கொஞ்ச நேரம் பார்த்தார்.

"நல்லா இருக்குது. எங்க அக்கா மாகறல்ல இருக்குது. இப்ப அங்கதான் போறேன். அவனாண்ட யார் போய் முதல்ல பேசறதுன்னு அக்காதான் சொல்லணும். பஸ்ஸுக்கு இன்னும் அரமணி நேரம் இருக்குது, இங்கியே உக்காந்துக்கினு இருக்கேன்."

வருங்கால மாமனாரோடு அரை மணி நேரம்! மின்விசிறி சுற்றியது. அவர் என்னைப் பார்த்தார், நான் மின்விசிறியைப் பார்த்தேன். அந்த மௌனத்தைத் தாங்க முடியாமல்தான் ஆட்டத்தைத் திறந்தேன். பெயர் கேட்டது. ஏகாம்பரம் என்று அடித்துக் கொடுத்தேன்.

"இது யாரு மாப்ள, இந்தச் சுழி?"

"நீங்கதான்."

"நானா! தலப்பா கட்ன மாதிரி கீது. சரி, எங்க போவணும்?"

"கீழ."

"கீழ இன்னா இருக்குது?"

"இன்னும் கீழ போற படிக்கட்டு."

என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு அம்புக்குறிகளைத் தட்ட ஆரம்பித்தார். எலிகளை உற்சாகமாக அடித்தார். "தறிக்கு அடியில எத்தினி அடிச்சிருக்கேன்!" மூன்றாவது நிலவறையில் பா வந்தது. ஓடுங்கள் என்று கத்த வேண்டும். என் தொண்டையிலிருந்து காற்றுதான் வந்தது. அவர் அதை நோக்கி நேராகப் போனார். பிரிண்டர் கர்ரென்று ஓடியது.

காகிதத்தை அவரே எடுத்துப் படித்தார். "திரு. ஏகாம்பரம் அவர்கள் பாம்பு கடித்து அகால மரணம் அடைந்தார் என்பதை ஆழ்ந்த வருத்தத்துடன் தெரிவித்துக்கொள்கிறோம். கண்ணீருடன், உற்றார் உறவினர்."

"சரி, திரும்ப எழுப்புங்க."

"முடியாதுங்க மாமா."

"ஏன் முடியாது?"

"செத்தா செத்ததுதாங்க."

கல்யாணம் பேசி முடித்த மாமனாரிடம் நான் பேசின முதல் முழு வாக்கியம் அது. அவர் காகிதத்தை மேஜை மேல் வைத்துவிட்டு, துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, "கண்டிஷனாத்தான் பண்ணியிருக்கீங்க" என்று சொல்லிப் பஸ்ஸுக்குப் போனார். கோபமா, சிரிப்பா, எனக்குப் புரியவில்லை. அந்த யோசனையில் காகிதத்தை எடுத்து மறைக்கத் தோன்றவில்லை.

கொஞ்ச நேரத்தில் மாணிக்கம் வந்தார். ஏகாம்பரத்தின் எதிர்வீடு. ரேஷன் கார்டு ஜெராக்ஸ் எடுக்க வந்தவர் கண்ணில் மேஜை மேல் இருந்தது பட்டது.

"இன்னாபா இது! ஏகாம்பரமா? எங்க தெரு ஏகாம்பரமா?"

நான் ஆமாம் என்று தலையாட்டினேன். (அவர்தானே.)

"எப்போபா?"

"இப்ப… இப்பதான்." (அதுவும் உண்மை.)

"பாம்பா? தறிக்குழியிலயா?"

இல்லை என்று தலையாட்டினேன்.

"பின்ன எங்க?"

நாற்காலியைக் காட்டினேன்.

"இங்கியா! இந்த நாற்காலியிலயா! அய்யய்யோ, ஆஸ்பத்திரிக்கி எடுத்துக்கினு பூட்டாங்களா?"

"ஆ… ஆட்ட…" என்று ஆரம்பித்தேன். 'ஆட்டத்தில்' என்று முடிக்க இன்னும் மூன்று எழுத்து பாக்கி இருந்தது. மாணிக்கம் அதற்குள் டி.வி.எஸ். வண்டியைக் கிளப்பிவிட்டார். காகிதம் அவர் கையில்.

கடையைச் சாத்திவிட்டு சைக்கிளில் துரத்தினேன். பாதி வழியில் சங்கிலி கழன்றது. மாட்டினேன். திரும்பக் கழன்றது. பிறகு சைக்கிளைத் தள்ளிக்கொண்டே ஓடினேன்.

எங்கள் நெசவாளர் தெருக்களில் ஒரு வழக்கம் உண்டு. தெருவில் சாவு விழுந்தால் தறி ஓடாது. பிணம் தெருவைத் தாண்டும்வரை யாரும் தறியில் உட்கார மாட்டார்கள். யாரும் சொல்லி அனுப்ப வேண்டியதில்லை, ஒரு வீட்டில் சத்தம் நின்றால் அடுத்த வீட்டில் நிற்கும். வெளியூரிலிருந்து வருகிறவன் தெருமுனையிலேயே தெரிந்துகொள்வான். நானும் தெருமுனையில் தெரிந்துகொண்டேன். எப்போதும் சடசடவென்று இருக்கிற தெரு ஊமையாகக் கிடந்தது. என்னால் நின்ற தறிகள்.

அப்புறம் கவனித்தேன். ஒரு தறி ஓடிக்கொண்டிருந்தது.

ஏகாம்பரத்தின் வீட்டு வாசலில் கூட்டம். மல்லிகாவின் அம்மா தலையிலிருந்த பூவைத் தானே பிய்த்துப் போட்டிருந்தார். தரையில் மல்லிகைப்பூ மிதிபட்டுக் கிடந்தது. என்னைப் பார்த்ததும் ஓடி வந்து இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார்.

"நீங்கதானே மாப்ள கடைசியா கூட இருந்தீங்க! இன்னா சொன்னாரு? எதனா சொன்னாரா?"

"கண்டிஷனாத்தான் பண்ணியிருக்கீங்கன்னாரு" என்று சொல்ல முடியுமா?

"அத்த, அவரு சாவல" என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. மூன்றாவது தடவை ஒரு பெரியவர் காதில் விழுந்தது. "இன்னாபா சொல்ற? சத்தமா சொல்லு."

"கம்ப்யூட்டர்லதான்… பாம்பு கம்ப்யூட்டர்ல இருந்திச்சி."

கூட்டத்தில் ஒரு சலசலப்பு. "கம்ப்யூட்டருக்குள்ள பாம்பா?"

"இருக்கும்பா. பொட்டி சூடா இருக்குமில்ல, வந்து சுருண்டு படுத்துக்கும். கை வச்சிருப்பாரு."

நான் விளக்கிச் சொல்ல முடிவு செய்தேன். இழவு வீட்டில் நின்றுகொண்டு, வாழ்க்கையில் முதன்முறையாகப் பத்துப் பேருக்கு முன்னால் பேசினேன். "அது ஒரு ஆட்டங்க. உள்ள போனா எல்லாம் இருட்டு. வழி யாருக்கும் தெரியாது. எது எப்ப வந்து கடிக்கும்னு தெரியாது. ஒரு தடவ செத்தா அவ்ளோதான், திரும்ப வர முடியாது. மறுபடியும் முதல்லருந்துதான் வரணும், வேற எடம், வேற வழி…"

பெரியவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "சரியாச் சொன்ன தம்பி. அதான் ஒலகம்."

அழுகை இரண்டு மடங்கானது.

அப்போதுதான் மல்லிகா உள்ளேயிருந்து வந்து எனக்கு எதிரில் நின்றாள். நிச்சயத்தன்று தூரத்தில் பார்த்ததுதான். அவள் முகம் வீங்கியிருந்தது.

"எங்க அப்பா இப்ப எங்க இருக்காரு?"

"மாகறல்."

"யாராண்ட?"

"உங்க அத்தையாண்ட."

"உயிரோடவா?"

"ஆமா."

ஒரு வார்த்தையில் பதில் சொல்லும்படியான கேள்விகளை அவள்தான் கேட்டாள். நாங்கள் இருவரும் பேசிய முதல் பேச்சு இதுதான். அவள் என்னை உற்றுப் பார்த்துவிட்டுச் சுவரில் சாய்ந்து அப்படியே உட்கார்ந்தாள். ஆனால் வேறு யாரும் நம்பவில்லை. ஏற்கெனவே நாலு பேர் பெரிய ஆஸ்பத்திரிக்கு உடலைத் தேடிப் போயிருந்தார்கள். அங்கே பிணவறையில் ஒவ்வொரு முகமாகத் துணியை விலக்கிப் பார்த்தார்களாம். ஏகாம்பரத்தின் உயரத்தில் ஒருவர் கிடந்தாராம், தலைமாட்டில் யாருமே இல்லாமல். அந்த மனிதர் யாரென்று கடைசிவரை தெரியவில்லை. அதைக் கேட்ட அன்று ராத்திரி நான் சாப்பிடவில்லை.

வெயில் தாழ்ந்தபோது ஏகாம்பரம் பஸ்ஸிலிருந்து இறங்கி நடந்து வந்தார். தெரு ஊமையாக இருப்பதைக் கவனித்துவிட்டு, தோளில் இருந்த துண்டை எடுத்துக் கையில் பிடித்துக்கொண்டார். தன் வீட்டு வாசலில் கூட்டம் என்றதும் நடை வேகமானது. பார்த்தவர்கள் பின்வாங்கினார்கள். ஒரு அம்மாள் "அய்யோ" என்று அங்கேயே உட்கார்ந்துவிட்டார்.

"யாருபா போனது?"

கடைசியில் அந்தப் பெரியவர்தான் சொன்னார்.

"நீதான்பா, ஏகாம்பரம்."

அவருக்கு விஷயம் விளங்கக் கொஞ்ச நேரம் பிடித்தது. மாணிக்கம் காகிதத்தை நீட்டினார். பார்த்துவிட்டு என்னைத் தேடினார். நான் தூணுக்குப் பின்னால் இருந்தேன். (தூண் மெலிந்தது, நான் அப்படியில்லை.) ஏகாம்பரம் சிரிக்க ஆரம்பித்தார். தெருவே சிரித்தது. "ஆயுசு கெட்டி", "இனிமே நூறு வயசு" என்று ஆளுக்கொன்று சொன்னார்கள். அவர் மனைவி ஒரு பக்கம் அழுதுகொண்டே அவரை அடித்தார். நான் பிழைத்தேன் என்று நினைத்தேன்.

சிரிப்பு அடங்கினதும் அவர் தலையைச் சாய்த்தார். சுவருக்கு அந்தப் பக்கம் தறி ஓடிக்கொண்டிருந்தது.

"அவனாண்ட சொன்னீங்களா?"

"சொன்னோம்" என்றார் மாணிக்கம்.

"இன்னா சொன்னான்?"

"விடுபா, இப்ப எதுக்கு அதெல்லாம்."

"இன்னா சொன்னான்னு கேக்கறேன்."

"'பாடி வரட்டும்'ன்னான்."

ஏகாம்பரம் வாசற்படியில் உட்கார்ந்து அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தார். கூட்டம் ஒவ்வொருவராகக் கலைந்தது. அங்கங்கே தறிகள் ஓட ஆரம்பித்தன, கடைசியில் அது எந்தத் தறி என்று பிரித்துக் கேட்க முடியாமல் போயிற்று.

இந்த இடத்தில் கல்யாணம் நின்றிருக்க வேண்டும். அபசகுனம், பையன் சரியில்லை என்று உறவுக்காரர்கள் சொல்லிப் பார்த்தார்கள். "ஒரு ஒறவு பூட்டது போதும்" என்று ஏகாம்பரம் சொல்லிவிட்டாராம்.

மறுநாள் காலை கடைக்கு வந்தார். அதுவரை எனக்கு 'ங்க' போட்டுப் பேசினவர்.

"பத்திரிகையில அந்தப் பேர எடுத்துடு."

எடுத்தேன். அவர் பெயருக்குக் கீழே ஒரு வரி காலியாக நின்றது. அந்த ஆட்டத்தையும் அழித்துவிடச் சொல்லப் போகிறார் என்று நினைத்தேன். அவர் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு திரையைக் காட்டினார்.

"எடுத்த பேர அங்க போடு."

சுந்தரத்தைத் தேள் கொட்டியது. மறுபடியும் போடச் சொன்னார். எலி கடித்தது. அன்றைக்கு மட்டும் தம்பி எத்தனையோ சாவு செத்தார். ஏகாம்பரம் சிரிக்கவே இல்லை. ஒவ்வொரு காகிதத்தையும் படித்துப் பார்த்து, கிழித்து, கூடையில் போட்டார். போகும்போது, "பாம்பக் கொஞ்சம் அடிக்கடி வர வை" என்றார்.

கல்யாணம் நடந்தது. பெண்ணுக்குச் சித்தப்பா செய்ய வேண்டியதை வேறு யாரோ செய்தார்கள். சில மாதம் கழித்து, சுந்தரத்தின் மனைவி கிணற்றடியில் மல்லிகாவிடம் ஒன்று சொன்னார். அன்று மத்தியானம் சுந்தரம் நெய்யவே இல்லையாம். அழுகைச் சத்தம் காதில் விழக் கூடாதென்று தறியில் போய் உட்கார்ந்துகொண்டு, குறுக்கே ஓட வேண்டிய ஊடை நூலே இல்லாத வெறும் நாடாக் கட்டையை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் தட்டிக்கொண்டிருந்தாராம். சாயங்காலம் அந்த அம்மாள் போய்ப் பார்த்தபோது சேலை ஒரு விரல்கூட வளர்ந்திருக்கவில்லையாம்.

மல்லிகா சொல்ல பயந்தாள். நானே மாமனாரிடம் போய்ச் சொன்னேன். ஒரே மூச்சில், எதையும் விடாமல் சொல்லி முடித்தேன். என் வாழ்நாளில் அவ்வளவு பேசினதில்லை. அவர் வெற்றிலையை மென்றுகொண்டே கேட்டார்.

"நெஞ்சானோ நெய்யலயோ, சத்தம் ஓடிச்சா இல்லியா?"

"ஓடிச்சி."

"அவ்ளோதான்."

வருஷங்கள் போய்விட்டன. எங்கள் வீட்டுக்கு யாராவது புதிதாக வந்தால், மல்லிகா காபி கொடுத்துவிட்டு என்னைக் காட்டி ஆரம்பிப்பாள். "பாக்கத்தான் பூன மாதிரி. எங்க அப்பாவக் கொன்னுட்டுத்தான் என்னக் கட்டினாரு." வந்தவர்கள் திடுக்கிட்டுப் பார்ப்பார்கள். அவள் முழுக் கதையையும் சொல்வாள், தூணுக்குப் பின்னால் நான் நின்றது உட்பட. எல்லாரும் கண்ணில் நீர் வரச் சிரிப்பார்கள். மாமனார் வீட்டில் சொன்னால் அவரும் கூடச் சேர்ந்து சிரிப்பார், "நீதான்பா ஏகாம்பரம்" என்பதை அவரே குரலை மாற்றிச் சொல்லிக் காட்டுவார். அந்த இடத்தோடு மல்லிகா கதையை முடித்துவிடுவாள். சிரிப்பு ஓய்ந்ததும் சுவருக்கு அந்தப் பக்கத்துத் தறிச் சத்தம் கேட்கும். மாமனார் எழுந்துபோய் டி.வி.யின் ஒலியைக் கூட்டிவிட்டு வந்து உட்காருவார்.